சாவிக்காரரைக் கூப்பிட்ட கதை

சென்னையில் எந்த ரயில்வே ஸ்டேஷன் வாசலுக்குப் போனாலும் ஒரு சாவிக்காரர் இருப்பார். ஒரு சின்ன மேஜை, கிழிந்த குடை, பெரிய வளையத்தில் கொத்துக் கொத்தாய்த் தொங்கும் வெட்டாத சாவிகள், இரண்டு மூன்று அரம், ஒரு பிடிகருவி. அவ்வளவுதான் கடை. வண்டிச் சாவி தொலைந்தால், பீரோ சாவி தொலைந்தால், பெட்டிச் சாவி உடைந்தால் அவரிடம் ஓடுவோம். பத்து நிமிடத்தில் வேலை முடியும். காசைக் கொடுத்துவிட்டு அவர் முகத்தைக் கூடச் சரியாகப் பார்க்காமல் வந்துவிடுவோம்.

ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கொத்தனார், பிளம்பர், எலக்ட்ரீஷியன் எல்லோரும் நாம் கதவைத் திறந்து விட்ட பிறகு உள்ளே வருகிறவர்கள். சாவிக்காரர் ஒருவர்தான் அந்தக் கதவைத் திறப்பதையே தொழிலாக வைத்திருப்பவர். நம் வீட்டுச் சாவியின் வெட்டு அவர் கண்ணில் பட்டுத்தான் போகிறது. அப்படிப்பட்ட ஆளைத் தேர்ந்தெடுக்க நாம் எவ்வளவு நேரம் செலவு செய்கிறோம்? பெரும்பாலும் ஒரு நிமிடம் கூட இல்லை. கதவு பூட்டிக்கொண்ட பிறகுதான் அவர் ஞாபகமே வருகிறது. அப்போது தேர்ந்தெடுக்கிற நிலைமையில் யாரும் இருப்பதில்லை.

குரோம்பேட்டையில் சொந்த வீட்டில் இருக்கும் ஒரு ஓய்வு பெற்ற கணக்கு டீச்சருக்கு போன வருஷம் ஆடி மாதம் நடந்தது இது. தெருவே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும். இங்கேயும் டீச்சர் என்றே வைத்துக்கொள்வோம்.

ஆடிக் காற்றில்...

வீட்டில் டீச்சரும் அவருடைய மாமியாரும் மட்டும்தான். மாமியாருக்கு எண்பத்து நாலு வயது. காது சரியாகக் கேட்காது. வாக்கர் பிடித்துத்தான் நடை. கணவர் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. பையன் பெங்களூரில். மாடியில் வாடகைக்கு ஒரு குடும்பம், அதில் காலேஜ் படிக்கிற ஒரு பெண்.

காலை ஏழு இருபது. அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு, குப்பை வண்டி விசில் சத்தம் கேட்டு டீச்சர் பக்கெட்டோடு வாசலுக்கு ஓடினார். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். கதவு எம்மாத்திரம்? படார் என்று சாத்திக்கொண்டது. அது நைட் லாட்ச் வைத்த கதவு. சாத்தினாலே பூட்டிக்கொள்ளும், வெளியிலிருந்து சாவி இல்லாமல் திறக்காது. சாவி உள்ளே டிவி பக்கத்தில். செல்போனும் அதே இடத்தில்.

கொல்லைக் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. சமையலறை ஜன்னல் கொசுவுக்காகச் சாத்தியிருந்தது. ஒரு ஸ்பேர் சாவி பையனிடம் பெங்களூரில் இருந்தது. இன்னொன்று பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்திருந்தார்கள். அவர்கள் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போனபோது திருப்பி வாங்கி பீரோவில் வைத்தது, பீரோவிலேயே இருந்தது.

"அத்தை... அத்தை..." என்று டீச்சர் கதவைத் தட்டிக் கூப்பிட்டுப் பார்த்தார். பதில் இல்லை. காது கேட்காதவருக்குக் கதவுச் சத்தம் எப்படிக் கேட்கும்? குக்கர் விசில் மட்டும் வெளியே தெளிவாகக் கேட்டது. மூன்று, நாலு, ஐந்து. ஏழாவது விசிலுக்குப் பிறகு சத்தமே இல்லை.

அந்த அமைதிதான் டீச்சரைப் பயமுறுத்தியது. பொங்கி வழிந்து அடுப்பு அணைந்து கேஸ் கசிகிறதோ? தண்ணீர் வற்றிவிட்டதோ? அத்தை எழுந்து வந்து எங்கேயாவது விழுந்துவிட்டாரோ? (இரண்டு வருஷம் முன்னால் சமையலறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து அவர் அடுப்புப் பக்கமே போகக்கூடாது என்று வீட்டில் உத்தரவு.)

சத்தம் கேட்டு மாடியிலிருந்து அந்தப் பெண் இறங்கி வந்தாள். ஸ்டேஷன் பக்கத்தில் கடை வைத்திருக்கும் சாவி பாயை எல்லோருக்கும் தெரியும். ஆனால் பாய் பத்து மணிக்குத்தான் கடை திறப்பார். அவருடைய நம்பர் யாரிடமும் இல்லை. தெருவில் அத்தனை வீடு, பதினைந்து வருஷமாக எல்லோருக்கும் அவரிடம்தான் சாவி, ஒருவரிடம் கூட நம்பர் இல்லை!

"இருங்க ஆன்ட்டி, நெட்ல பாக்குறேன்" என்றாள் அந்தப் பெண். தேடின உடனே முதலில் வந்தது ஒரு விளம்பரம். 24 மணி நேர சேவை, உங்கள் ஏரியாவிலேயே, பதினைந்து நிமிடத்தில். போன் போட்டால் ஒரு பெண் குரல் ரொம்ப மரியாதையாகப் பேசியது. "விசிட்டிங் சார்ஜ் நூத்தம்பது ரூபாய்தான் மேடம். பூட்டைப் பாத்துட்டு மீதியை டெக்னீஷியன் சொல்லுவார்."

நூற்று ஐம்பது ரூபாய். அந்த நேரத்தில் காதில் விழுந்தது அந்தத் தொகை மட்டும்தான். 'மீதி' என்ற வார்த்தை விழவில்லை.

டிரில்

பதினைந்து நிமிடம் என்றவர்கள் வந்தது ஐம்பத்தைந்து நிமிடம் கழித்து. பைக்கில் இரண்டு பையன்கள். கம்பெனி பெயர் போட்ட சட்டை இல்லை, அடையாள அட்டை இல்லை, தோளில் ஒரு பை. ஒருவன் குனிந்து பூட்டைப் பார்த்தான். ஒரு வளைந்த கம்பியை விட்டு ஒரு நிமிடம், மிஞ்சிப் போனால் ஒன்றரை நிமிடம் ஆட்டினான். நிமிர்ந்தான்.

"இது ஹை செக்யூரிட்டி பூட்டு மேடம். கம்பியில வராது. டிரில்தான் போடணும்."

"எவ்வளவுப்பா ஆகும்?"

"மொதல்ல தொறக்கலாம் மேடம். உள்ள பாட்டி இருக்காங்கன்னு சொல்றீங்க..."

இதற்கு மேல் யார் பேரம் பேச முடியும்? டிரில் ஓடியது. பித்தளைத் தூள் வாசலில் கொட்டியது. முதல் தடவை பிட் நழுவி தேக்குக் கதவில் ஒரு நீளமான கோடு விழுந்தது. ஐந்து நிமிடத்தில் கதவு திறந்தது.

டீச்சர் உள்ளே ஓடினார். அத்தை சமையலறை வாசலில் நாற்காலி போட்டு, வாக்கரைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுப்பு அணைந்திருந்தது.

"ஏழு விசில் வந்துச்சு, உன்னைக் காணோம். நானே அணைச்சுட்டேன். எங்க போயிட்ட இவ்ளோ நேரம்?"

ஏழாவது விசிலுக்குப் பிறகு வந்த அமைதிக்குக் காரணம் அதுதான். அடுப்பை அணைத்தது ஏழே முக்காலுக்குள். டிரில் ஓட ஆரம்பித்தது எட்டரைக்கு. அவசரம் என்பதே முடிந்துபோய் முக்கால் மணி நேரம் ஆன பிறகுதான் பூட்டை உடைத்திருக்கிறார்கள். வெளியே இருந்தவர்களுக்கு அது தெரிய வழியில்லை.

அழுகையும் சிரிப்புமாக டீச்சர் வெளியே வந்தபோது பூட்டு இருந்த இடத்தில் ஓட்டை. கதவை அப்படியே விட முடியாது. பையில் புதுப் பூட்டு தயாராக இருந்தது. அதையும் மாட்டினார்கள். பிறகு வந்தது கணக்கு.

விசிட்டிங் 150. பூட்டு திறக்க 1,800. டிரில் போட 1,200. புதுப் பூட்டு 3,200. மாட்டுக்கூலி 450. ஆக மொத்தம் 6,800 ரூபாய். "ரவுண்டா ஆறாயிரத்து ஐநூறு குடுங்க மேடம், காலைல மொத போணி" என்று ஒரு சலுகை வேறு :-)

பில் கேட்டார் டீச்சர். "பில்லு வாட்ஸப்ல வரும் மேடம்." இன்று வரை வரவில்லை. மாடிப் பெண்ணின் செல்லில் இருந்து பணம் அனுப்பினார்கள். அங்கே தெரிந்த பெயர் கம்பெனி பெயர் இல்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர்.

இரண்டு சாவியும் ஒரு ஸ்டிக்கரும்

பணம் போனது ஒரு பக்கம். டீச்சரின் தூக்கத்தைக் கெடுத்தது வேறு விஷயம்.

மத்தியானம் அந்தப் புதுப் பூட்டின் அட்டைப்பெட்டியைக் குப்பையில் போட எடுத்தார். கணக்கு டீச்சர் இல்லையா, எதையும் படித்துவிட்டுத்தான் போடுவார். பெட்டியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் மூன்று சாவிகள் என்று இருந்தது. அவர் கைக்கு வந்தது இரண்டு.

மூன்றாவது சாவி எங்கே? பெட்டியிலேயே இல்லாமல் இருந்திருக்கலாம். பையில் விழுந்திருக்கலாம். எங்கோ ஒருவன் பாக்கெட்டிலும் இருக்கலாம். வீட்டில் வயதான இரண்டு பெண்கள் தனியாக இருப்பது, ஸ்பேர் சாவி பெங்களூரில் இருப்பது, கொல்லைக் கதவு எங்கே இருக்கிறது, எல்லாமே அந்தப் பையன்களுக்குத் தெரியும். பதற்றத்தில் டீச்சரே சொன்னதுதான்.

அந்த நம்பருக்குத் திரும்ப போன் செய்தார். காலையில் மரியாதையாகப் பேசிய அதே குரல், "நாங்க கனெக்ட் மட்டும்தான் மேடம் பண்றோம். டெக்னீஷியன் தனி ஆளு. அவர்கிட்டயே பேசிக்குங்க" என்றது. டெக்னீஷியன் நம்பர் ஸ்விட்ச் ஆஃப்.

அன்றைக்கு ராத்திரி கதவுக்கு உள்ளே மேல் தாழ்ப்பாள், கீழ்த் தாழ்ப்பாள், அதற்கு மேல் டைனிங் டேபிள் நாற்காலி ஒன்றும் முட்டுக் கொடுத்து வைத்துவிட்டுப் படுத்தார். அப்படியும் தூக்கம் வரவில்லை. ஆறாயிரத்து ஐநூறு ரூபாய் கொடுத்துப் பூட்டு மாட்டிய வீட்டில் நாற்காலியை நம்பிப் படுக்க வேண்டியிருந்தது!

மறுநாள் காலை பத்து மணிக்கு முதல் ஆளாக பாய் கடைக்குப் போனார். உடைத்த பழைய பூட்டையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் எடுத்துக்கொண்டார். பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டீச்சரம்மா, இதுல அஞ்சு பின்னுதான் இருக்கு. சாதாரண பூட்டு. இதுக்கு எதுக்கு டிரில்லு போட்டாங்க?"

அவரே கடையைப் பக்கத்து டீக்கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். புதுப் பூட்டைக் கழற்றி, ஹார்ட்வேர் கடையிலிருந்து டீச்சரையே வாங்கி வரச் சொன்ன ஒரு நல்ல பூட்டை மாட்டினார். பூட்டு 1,350, கூலி 300. கதவில் விழுந்த கோட்டைச் சரிசெய்ய ஆசாரிக்கு 700. எல்லாம் சேர்த்து அந்தக் காற்றுக்கு விலை 8,850 ரூபாய். நேற்றே கூப்பிட்டிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று கேட்டதற்கு பாய் கொஞ்சம் தயங்கி, "முன்னூறு, நானூறு குடுத்திருப்பீங்க" என்றார்.

பூட்டு எப்படித் திறக்கிறது?

பாய் சொன்ன அந்த 'அஞ்சு பின்' என்றால் என்ன என்று தெரிந்தால்தான் இதில் எங்கே ஏமாற்று நடந்தது என்று புரியும்.

இன்றைக்கு வீட்டுக் கதவுகளில் இருக்கிற பூட்டுகளில் பெரும்பகுதி பின் டம்ளர் வகை. உள்ளே ஒரு உருளை இருக்கும். சாவி நுழைவது அதற்குள்தான். உருளைக்கு மேலே வரிசையாக ஐந்தோ ஆறோ துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சின்னக் குச்சிகள், அவற்றை மேலிருந்து அழுத்தும் ஒரு ஸ்பிரிங். சாவி இல்லாதபோது மேல் குச்சிகள் பாதி உருளைக்குள்ளும் பாதி வெளியேயுமாக நின்று உருளையைச் சுழல விடாமல் தடுக்கும். சரியான சாவியைப் போட்டால் அதன் ஒவ்வொரு வெட்டும் ஒவ்வொரு ஜோடிக் குச்சியையும் சரியான உயரத்துக்குத் தூக்கும். எல்லா ஜோடிகளும் பிரிகிற இடம் ஒரே கோட்டில் வந்தவுடன் உருளை சுழலும், பூட்டு திறக்கும். சாவியில் உள்ள மேடு பள்ளம் அழகுக்கு இல்லை, ஒவ்வொன்றும் ஒரு உயரத்தின் அளவு.

இந்த யோசனை ரொம்பப் பழையது. பழைய எகிப்தில் மரத்திலேயே இப்படிப் பூட்டு செய்திருக்கிறார்கள். இப்போதைய உருவத்தைக் கொடுத்தவர் அமெரிக்காவின் லைனஸ் யேல் ஜூனியர். 1861லும் 1865லும் அதற்குக் காப்புரிமை வாங்கினார். நம் பைகளில் இருக்கும் தட்டையான சின்னச் சாவி அவர் கொடுத்த வடிவம்தான்.

சாவி இல்லாமல் திறக்கும் கலைக்கும் பெரிய சரித்திரம் உண்டு. 1851ல் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சிக்கு ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் வந்தார். திறக்கவே முடியாது என்று பேர் வாங்கியிருந்த சப் கம்பெனிப் பூட்டை சுமார் 25 நிமிடத்தில் திறந்து, திரும்பப் பூட்டியும் காட்டினார். அதற்கப்புறம் பிரமா கம்பெனியின் பூட்டு. திறப்பவருக்கு 200 கினி பரிசு என்ற சவாலோடு லண்டன் கடை ஜன்னலில் பல வருஷமாக உட்கார்ந்திருந்த பூட்டு அது. பதினாறு நாட்களில் பரவிய சுமார் 51 மணி நேர வேலையில் அதையும் திறந்தார்.

உலகத்தின் மிகக் கடினமான பூட்டுக்கே பொறுமையாக உட்கார்ந்தார் ஒருவர். குரோம்பேட்டையில் ஒரு ஐந்து பின் பூட்டுக்கு ஒன்றரை நிமிடத்துக்கு மேல் பொறுமை இல்லை. காரணம் திறமைக் குறைவு மட்டும் என்று சொல்ல முடியாது. கம்பியில் திறந்தால் கிடைப்பது திறப்புக் கூலி மட்டும். டிரில் போட்டால் டிரில் கூலி, புதுப் பூட்டு, மாட்டுக்கூலி என்று மூன்று வரவு சேரும். பையில் புதுப் பூட்டு தயாராக வந்ததைக் கவனியுங்கள்.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். டிரில் போடுவது எப்போதுமே தப்பு கிடையாது. உள்ளே பாகம் உடைந்து சிக்கிய பூட்டு, கம்பிக்கு மசியாதபடி விசேஷமாகச் செய்த பூட்டு, இவற்றுக்கு வேறு வழி இல்லாமல் போகலாம். அது கடைசி வழியாக இருக்க வேண்டும் என்பதுதான் விஷயம்.

இது குரோம்பேட்டைக் கதை மட்டுமா?

இல்லை. அமெரிக்காவில் இதே நாடகம் இதே வசனங்களோடு நடக்கிறது. போனில் ஒரு சின்னத் தொகை, வாசலில் பல மடங்கு, முதல் வேலையே டிரில். அங்கே நுகர்வோர் நலனைப் பார்க்கும் ஃபெடரல் டிரேட் கமிஷன் இதைப் பற்றி மக்களுக்கு எச்சரிக்கையே கொடுத்திருக்கிறது. உள்ளூர் நம்பர் போட்டு உள்ளூர்க் கடை மாதிரி விளம்பரம் வரும், போன் போய்ச் சேருவது வேறு எங்கோ இருக்கும் கால் சென்டருக்கு. 2025 மார்ச்சில் கூகுள் நிறுவனம் தன் வரைபடத்தில் 10,000க்கும் மேற்பட்ட போலி வணிகப் பதிவுகளைக் கண்டுபிடித்து வழக்குப் போட்டது. அந்த விசாரணைக்குத் தொடக்கம் டெக்சஸில் உரிமம் இல்லாத ஒரு பூட்டுக்காரர் வேறொரு கடையின் பெயரில் நடமாடுகிறார் என்று வந்த புகார்.

கலிஃபோர்னியா, டெக்சஸ் போன்ற மாநிலங்களில் பூட்டுத் தொழிலுக்கு அரசு உரிமம் வேண்டும். இங்கிலாந்தில் அரசு உரிமம் கிடையாது. நம் ஊரில் சாவிக்காரரிடம் யாரும் லைசென்ஸ் கேட்டதும் இல்லை, அவர் காட்டியதும் இல்லை. இத்தனை காலமாக இங்கே லைசென்ஸாக இருந்தது வேறு ஒன்று. ஒரே இடத்தில் பதினைந்து வருஷம் உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் பாயின் லைசென்ஸ். தப்பு செய்தால் மறுநாளும் அதே குடைக்குக் கீழேதான் உட்கார வேண்டும். பைக்கில் வந்தவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

பூட்டுக்குப் பேர் போன திண்டுக்கல் இதே தமிழ்நாட்டில்தான் இருக்கிறது. அங்கே கையால் செய்யும் பூட்டுக்கு 2019ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மெஷினில் செய்து மலிவாக வரும் அலிகார் பூட்டுகளோடு போட்டி போட முடியாமல் அந்தத் தொழில் சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது. பூட்டு செய்தவரைத் தெரிந்து வாங்கிய காலம் போய்விட்டது. இப்போது பூட்டைத் திறப்பவரையும் தெரியாது என்ற நிலைக்கு வந்திருக்கிறோம்.

புகார் கொடுத்தால்?

"விடும்மா, போனது போகட்டும்" என்றான் பெங்களூர் பையன். டீச்சர் விடவில்லை. ஒரு நோட்டில் தேதி, நேரம், பேசிய நம்பர், கொடுத்த தொகை எல்லாம் எழுதி வைத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிட்டுப் புகாரைப் பதிவு செய்தார்.

சட்டம் அவர் பக்கம்தான் இருக்கிறது. 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. சேவையில் குறைபாடு என்று மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். சம்பந்தப்பட்ட தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போனால் போதும். செய்த வேலைக்கு பில் தராமல் இருப்பதையே நேர்மையற்ற வணிக முறை என்று அந்தச் சட்டம் சொல்கிறது. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஆனால் புகாரில் எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் வேண்டுமே. விளம்பரத்தில் முகவரி இல்லை. பில் இல்லை. சட்டையில் பெயர் இல்லை. இருப்பதெல்லாம் ஒரு ஸ்விட்ச் ஆஃப் நம்பரும் பணம் போன தனி ஆளின் பெயரும். பில் தராமல் போனது சோம்பேறித்தனத்தால் இல்லை என்பது அப்போதுதான் டீச்சருக்குப் புரிந்தது. அவருடைய புகாருக்கு ஒரு எண் கிடைத்தது. அதற்கு மேல் இதுவரை எதுவும் கிடைக்கவில்லை.

கதவு சாத்துவதற்கு முன்னால்

டீச்சர் இப்போது தெருவில் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கும் விஷயங்கள் இவை. யாருக்காவது உதவும்:

1. உள்ளே குழந்தையோ முடியாதவர்களோ மாட்டிக்கொண்டு அடுப்பும் எரிந்தால், சாவிக்காரரைத் தேடாதீர்கள். முதல் போன் தீயணைப்பு மீட்புப் பணித் துறைக்கு. 101 அல்லது 112. உயிர்ப் பயத்தோடு பேரம் பேசவே முடியாது. அந்தப் பயம் போய்விட்டால் பூட்டை நிதானமாகப் பார்க்கலாம்.

2. உங்கள் ஏரியாவில் பல வருஷமாகக் கடை வைத்திருக்கும் சாவிக்காரரின் நம்பரை இன்றைக்கே வாங்குங்கள். செல்லில் மட்டும் வைத்தால் போதாது, செல் உள்ளே மாட்டிக்கொள்ளும். டீச்சர் அதை ஈபி மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறார்.

3. போனிலேயே மொத்தத் தொகையைக் கேளுங்கள். "பாத்துட்டுதான் சொல்வோம்" என்றால் குறைந்தது எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு, டிரில் போட்டால் எவ்வளவு என்று கேளுங்கள். சொல்ல மறுத்தால் அடுத்த நம்பர்.

4. வந்த உடனே டிரில்லை எடுத்தால் நிறுத்துங்கள். வேண்டாம் என்று சொல்லித் திருப்பி அனுப்ப உங்களுக்கு உரிமை இருக்கிறது.

5. பூட்டு மாற்ற வேண்டியிருந்தால் பூட்டைக் கடையில் நீங்களே வாங்குங்கள். பெட்டியை உங்கள் கையால் பிரியுங்கள். சாவியை எண்ணுங்கள்.

6. ஒரு ஸ்பேர் சாவி நடந்து போகிற தூரத்தில் இருக்க வேண்டும். பெங்களூரில் இருப்பது ஸ்பேர் சாவி கணக்கிலேயே வராது.

இன்னொன்றும் உண்டு. அதை டீச்சர் பட்டியலில் சேர்க்கவில்லை, பேச்சோடு பேச்சாகச் சொன்னதுதான்.

பாய் அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் பூட்டில் கை வைக்கவில்லை. வாசலில் நின்று மாடிப் பெண்ணைக் கூப்பிட்டு, "பாப்பா, இது டீச்சரம்மா வீடுதானே?" என்று கேட்டார். பதினைந்து வருஷமாகத் தெரிந்த டீச்சர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கிறார்! டீச்சருக்குக் கொஞ்சம் கோபம் கூட வந்துவிட்டது. "கோச்சுக்காதீங்க. யார் கூப்பிட்டாலும் பக்கத்துல ஒரு ஆள்கிட்ட கேக்காம பூட்டத் தொடமாட்டேன். எங்க அத்தா சொல்லிக் குடுத்தது" என்றார் பாய்.

முதல் நாள் பைக்கில் வந்த இருவரும் அடுப்பைப் பற்றிக் கேட்டார்கள், பாட்டியைப் பற்றிக் கேட்டார்கள், பணம் எப்படிக் கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள். வீடு யாருடையது என்று மட்டும் கேட்கவில்லை. வேறு யாராவது அந்த வாசலில் நின்று கூப்பிட்டிருந்தாலும் அவர்கள் அதே டிரில்லைப் போட்டு அதே கதவைத் திறந்து கொடுத்திருப்பார்கள்.

அத்தைக்கு இப்போது அடுப்புப் பக்கம் போக அனுமதி கொடுத்தாகிவிட்டது.